சேவ் செய்யாத கண்

கரண்ட் போனது, மின்விசிறி தளர்ந்து நின்றது, திரை கறுத்தது. லேப்டாப்புக்குள் ஹார்ட் டிஸ்க் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

ரெங்கராஜ் முதலில் அதைக் கவனிக்கவில்லை. திட்டுவதில் மும்முரமாக இருந்தான். மின்சார வாரியத்தைத் திட்டினான், மழையைத் திட்டினான், இலுப்பூர் என்று ஒரு ஊர் எதற்காக இருக்கிறது என்று திட்டினான். ஐப்பசி மழை காலையிலிருந்து விடவில்லை. பிற்பகலிலேயே விளக்கு வைக்கிற நேரம் போல வெளியே மங்கிக் கிடந்தது. அந்த மாடியறை ஸ்டூடியோவில் ஊறிப்போன சுவரின் வாடையும், பிரிண்டர் மையின் வாடையும், மத்தியானம் அவன் பாதியில் சுருட்டி வைத்த சாப்பாட்டுப் பொட்டலத்தின் புளித்த வாடையும் ஒன்றாகக் கலந்து நின்றன. திட்டி முடித்து வாயை மூடிய பிறகுதான் அந்த மெல்லிய ரீங்காரம் அவன் காதில் விழுந்தது.

அது கேட்கக் கூடாத சத்தம். அந்த லேப்டாப்பில் பேட்டரியே கிடையாது. கோடையில் அது பணியாரம் மாதிரி உப்பிவிட்டது. கழற்றியவன் வேறு வாங்கவில்லை, காற்றில் அடித்துக்கொள்ளும் கதவுக்கு அடியில் அதையே முட்டுக் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து நேரே அடாப்டரில்தான் ஓட்டம். கரண்ட் போன நொடியில் ஹார்ட் டிஸ்க் மிச்சமிருக்கும் சுழற்சியை வைத்துக்கொண்டே தன் எழுதிப் படிக்கும் முள்ளை ஓரத்துக்கு இழுத்து நிறுத்திக்கொள்ளும். 'கிளக்' என்று ஒரு சத்தம் வரும், அப்புறம் அமைதி. இதையெல்லாம் கடைக்கு வருகிறவர்களிடம் ரெங்கராஜ் விளக்குவான். புரிந்துகொள்வார்கள் என்று எதிர்பார்த்து அல்ல, புரியாமல் விழிப்பதைப் பார்ப்பதற்காக.

இப்போது அந்தக் 'கிளக்' வரவில்லை. அவன் குனிந்து லேப்டாப்பின்மேல் காதை வைத்தான். உள்ளே ஏதோ நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் காது பட்டதும்தான் கிளக் என்று நின்றது.

"சனியன், இதுக்கும் ஆயுசு முடியப் போவுது" என்றான்.

கீழே மின்சாமான் கடை வைத்திருக்கும் மீரா சாகிபு படிக்கட்டருகே வந்து நின்று குரல் கொடுத்தார். "ரெங்கராஜு, மேலயும் போச்சாப்பா? ஒரு யுபிஎஸ்ஸாவது வாங்கி வையின்னு எத்தன தடவ சொல்றது? வேலையச் சேவ் பண்ணிக்கிறதுக்காச்சும் நேரம் கெடைக்குமுல்ல?"

"ஓடாத சரக்கத் தள்ளிவிட ஒங்களுக்கு நாந்தான் கெடச்சேனா பாய்?"

சேவ் செய்வது கைநடுங்கிகளின் வேலை என்பது ரெங்கராஜின் கட்சி. செய்கிற வேலை ஹார்ட் டிஸ்கில் எழுதப்படாதவரை மெமரியில்தான் மிதந்துகொண்டிருக்கும், கரண்ட் போனால் அதோடு போய்விடும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. போனால் போகட்டும். திரும்பச் செய்தால் ஆயிற்று. அவன் கைக்கு அதெல்லாம் ஒரு வேலையா?

இப்போது போனது அமராவதியின் கண்.

அமராவதி அன்னவாசல் பக்கத்துக் கிராமத்துப் பெண். செத்துப்போனாள், நாளைக்குக் கருமாதி. உயிரோடு இருந்தவரை கேமராவைக் கண்டாலே தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்பவள். ஆதார் அட்டையில் இருந்த முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மைக்கறைதான் தெரிந்தது. அதனால் இழவு வீட்டுக்கே ரெங்கராஜை வரச்சொன்னார்கள். செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்த சொந்தக்காரப் பையன்களை மகள் சுகுணா அழுதுகொண்டே விரட்டினாள். படம் எடுத்தால் ஒழுங்காக ஸ்டூடியோக்காரர் எடுக்கட்டும் என்றாள். ரெங்கராஜ் மூக்கைப் பிடிக்காத குறையாகப் போய் எடுத்துவிட்டு வந்தான். மறுநாள் ஒரு காதுகுத்துக்குக் கேமரா வேண்டியிருந்தது. படத்தை லேப்டாப்புக்கு மாற்றிவிட்டு, மெமரி கார்டைச் சுத்தமாக அழித்தான். ஆக, அமராவதி என்று ஒருத்தி இருந்ததற்கு உலகத்தில் மிச்சமிருந்தது இந்த ஹார்ட் டிஸ்கில் இருந்த ஒரே ஒரு படம்தான்.

செத்தவர்கள் படத்துக்குக் கண் திறந்து கொடுப்பது அவன் தொழிலில் பாதி. வாய்க்கட்டை அழிப்பான், மூக்குப் பஞ்சை அழிப்பான், நெற்றிக் காசை எடுத்துவிட்டுக் குங்குமம் வைப்பான், மூடிய இமைமேல் திறந்த கண்ணை ஒட்டுவான். கண்ணை ரத்த சொந்தத்திடம்தான் எடுக்க வேண்டும் என்பது வழக்கம். மகனோ மகளோ குளித்துவிட்டு வந்து, கோயில் காரியம் மாதிரி பயபக்தியோடு அவன் கேமரா முன்னால் உட்காருவார்கள். சுகுணாவும் அப்படித்தான் வந்து உட்கார்ந்தாள். எங்க ஆத்தாவுக்கும் எனக்கும் ஒரே கண்ணுன்னு ஊரே சொல்லும் என்றாள். ரெங்கராஜ் ஃபிளாஷ் அடித்து அனுப்பினான். அவள் படியிறங்குவதற்குள் அந்தப் படத்தை அழித்தான்.

அவனிடம் ஒரே கண்தான் உண்டு. அவனுடைய கண். இந்தத் தொழிலில் இறங்கிய புதிதில், சோம்பேறித்தனத்தில், விளக்கைப் போட்டுத் தன் மூஞ்சியைத் தானே எடுத்துக்கொண்டான். படம் நறுக்கென்று விழுந்தது. 'கண்' என்ற பெயரில் அது அங்கேயே கிடக்கிறது. கிழவனா, கிழவியா, லாரியில் அடிபட்ட வாலிபனா, எல்லாருக்கும் அதுதான். கொஞ்சம் சுருக்கம் கூட்டுவான், கொஞ்சம் நிறம் குறைப்பான். எந்த மடையனும் கண்டுபிடித்ததில்லை. "அப்பிடியே எங்கப்பாரு பாக்குறாப்புல இருக்குண்ணே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள். அவர்கள் போன பிறகு ரெங்கராஜ் வயிறு குலுங்கச் சிரிப்பான். இந்த வட்டாரத்தில் மாலை போட்டு மாட்டிய செத்தவர்களில் பாதிப்பேர் அவன் கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கரண்ட் வந்தது. லேப்டாப் முனகிக்கொண்டே எழுந்தது. சேவ் ஆகாத கோப்பை மீட்டிருக்கிறேன், திறக்கவா என்று கேட்டது. எங்கே மீட்கப்போகிறது, எதையோ பாதியில் பிடித்து வைத்திருக்கும் என்று இளக்காரமாக ஒரு தட்டுத் தட்டினான்.

அமராவதி இரண்டு கண்ணையும் திறந்து அவனைப் பார்த்தாள்.

வேலை மிச்சம் என்றுதான் முதலில் தோன்றியது. பரவாயில்லையே, மனிதர்களைவிட சாஃப்ட்வேருக்குக் கொஞ்சம் புத்தி இருக்கிறது என்று நாற்காலியில் சாய்ந்தான். சாய்ந்த பிறகுதான் உறைத்தது. கரண்ட் போகும்போது அவன் ஒட்டி முடித்திருந்தது இடது கண்ணை மட்டும்தான். வலது கண் மூடித்தான் இருந்தது. அதை அவன் இன்னும் தொடவே இல்லை.

தொட்டிருப்பேன், மறந்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டான். வாய்விட்டே சொன்னான்.

படியில் ஈரச்செருப்புச் சத்தம் கேட்டது. சுகுணா குடையை வாசலில் மடக்கி வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஆத்தாவுக்குக் கண்ணு தொறந்தாச்சாண்ணே?"

"ம். பாத்துக்க" என்று லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான். இனி இது அழும், மூக்கைச் சிந்தும், கைகூப்பும். எல்லாம் அவனுக்குப் பார்த்துப் பார்த்துச் சலித்த கூத்து.

சுகுணா அழவில்லை. குனிந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். மழைத்தண்ணீர் அவள் தலைமுடியிலிருந்து மேஜையில் சொட்டியது.

"அண்ணே, இது எங்க ஆத்தா பார்வ இல்லையே."

"பாக்குறதுக்குக் கொஞ்ச நாள் அப்பிடித்தான் இருக்கும். படத்துக்கு மால போட்டா சரியாயிரும்."

"இல்லண்ணே. எங்க ஆத்தா ஒருத்தரையும் இப்பிடி எளக்காரமாப் பாக்காது." அவள் நிமிர்ந்தாள். படத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "இது ஒங்க கண்ணுல்ல?"

இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. ரெங்கராஜ் சிரிக்கப் பார்த்தான், வாய் ஒத்துழைக்கவில்லை.

"என்னம்மா ஒளர்ற? ஒன் கண்ணத்தான போட்டோ புடிச்சேன்?"

"எங்க சித்தப்பா படமும் ஒங்ககிட்டத்தான் போட்டோம். அதுவும் இப்பிடியேதான் பாக்கும். சித்தி சோறு தின்னா பாக்கும், அழுதா பாக்கும். நீயெல்லாம் ஒரு மனுசியாங்குறாப்புல பாக்கும். பொறுக்கமாட்டாம சித்தி அத செவுத்தப் பாத்துத் திருப்பி மாட்டிருச்சு. கீழத்தெருவுலயும் ரெண்டு வீட்டுல அப்பிடித் திருப்பித்தான் வெச்சிருக்காக. யாரும் வெளிய சொல்றதில்ல." அவள் கண் இப்போது கலங்கியது. "அந்தக் கண்ண எடுத்துருங்கண்ணே. கண்ணு மூடியே இருந்தாலும் பரவால்ல. எங்க ஆத்தாவ எனக்குக் குடுங்க. வேற படமில்லண்ணே எங்கிட்ட."

"சரி சரி, எடுத்துத் தொலைக்கிறேன். கடவீதி வேலையிருந்தா முடிச்சிட்டு அப்புறமா வா."

அவள் போனாள். ரெங்கராஜுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கருமாதிக்குக் கத்தரிக்காய் வாங்க வந்தவள் தொழிலில் குறை சொல்கிறாள். சுவரைப் பார்த்துத் திருப்பி மாட்டினார்களாம், காட்டுமிராண்டிகள்! கடுப்போடு மவுஸைப் பிடித்து, படத்தின்மேல் கண்ணை ஒட்டியிருந்த அடுக்கை மட்டும் தேர்ந்து, அழித்தான்.

அடுக்கு அழிந்தது. கண் அழியவில்லை.

மறுபடி அழித்தான். கோப்பை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தான். கண் இருந்தது. ஹார்ட் டிஸ்க் உள்ளே எதையோ எழுதிக்கொண்டிருந்தது. அவன் எதையும் சேவ் செய்யவில்லை, ஆனால் அது எழுதிக்கொண்டே இருந்தது. டிக். டிக். டிக். மழைச் சத்தத்துக்கு அடியில் தனியாகத் தெரிகிற, அவசரமே இல்லாத சத்தம்.

ஒரிஜினல் இருக்கிறதே, அதைத் திறந்தால் தீர்ந்தது என்று இழவு வீட்டில் எடுத்த படத்தைத் தேடித் திறந்தான். அது மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக விரிந்தது. முதலில் பந்தல் ஓலை, பிறகு நெற்றி, நெற்றியில் ஒட்டிய காசு. அதற்குக் கீழே விரிய வேண்டிய பட்டை கொஞ்சம் தயங்கியது.

தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது. மூக்கில் பஞ்சு இருந்தது. கழுத்தில் ரோஜா மாலை இருந்தது. அந்தக் கோலத்தில், வாய்க்கட்டும் பஞ்சுமாகப் படுத்திருந்த அமராவதி, கண்ணைத் திறந்து அவனை இளக்காரமாகப் பார்த்தாள்.

ரெங்கராஜ் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். அவனுக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு சுலபமாகத் தனக்குப் பயம் வரும் என்று அவன் நினைத்ததே இல்லை. பயப்படுகிறவர்களைப் பார்த்துச் சிரித்தே காலம் தள்ளியவன். ஒரிஜினலின்மேலேயே எழுதிவிட்டது, கரண்ட் போனபோது கோப்பு ஒன்றோடொன்று கலந்துவிட்டது, கெட்டுப்போன டிஸ்கில் இதெல்லாம் நடக்கும் என்று காரணம் அடுக்கினான். எல்லாம் நல்ல காரணங்கள். கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லியிருந்தால் வாயைப் பிளந்து கேட்டிருப்பார்கள்.

சுகுணாவின் சித்தப்பா படத்தைத் தேடினான். போன தை மாதம் செய்துகொடுத்தது, மீசையை முறுக்கிவிட்டு, சில்க் சட்டை போட்டுவிட்டு, அவனே ரசித்துச் செய்த படம். திறந்தான். மீசை இருந்தது. சில்க் சட்டை இருந்தது. கண் மூடியிருந்தது.

அடுத்ததைத் திறந்தான். திருக்கோகர்ணத்து வாத்தியார். கண் மூடியிருந்தது.

அடுத்தது, கட்டுமாவடியில் படகு கவிழ்ந்து செத்த பையன். மூடியிருந்தது. அடுத்தது. அதற்கு அடுத்தது. ஒட்டிய தடம் இல்லை, அழித்த தடம் இல்லை. ஒவ்வொருவரும் நிம்மதியாக, சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர்களைப் போல, கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். அவன் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

யாரிடம்?

கடைசியாக 'கண்' என்ற கோப்பின்மேல் மவுஸைக் கொண்டுபோனான். வேண்டாம் என்று விரல் சொன்னது. தட்டினான்.

இளமையான ரெங்கராஜ். நல்ல வெளிச்சம். உதட்டோரம் அந்தப் பழைய நக்கல் அப்படியே இருந்தது. இரண்டு இமைகளும் இழுத்து மூடப்பட்டிருந்தன.

அப்போது கரண்ட் போனது.

திரை கறுத்தது. மின்விசிறி நின்றது. வெளியே வெளிச்சம் முக்கால்வாசி செத்திருந்தது. தகரக்கூரையில் மழை இரைந்தது. கீழே மீரா சாகிபு ஷட்டரைப் பாதி இழுக்கும் சத்தம் கேட்டது. "ரெங்கராஜு! லைன்ல மரம் விழுந்துருச்சாம்ப்பா. விடிஞ்சாத்தான் கரண்ட்டு. மூடிட்டுக் கெளம்பு!"

அவன் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

ஹார்ட் டிஸ்க் சுற்றிக்கொண்டிருந்தது.

அடாப்டரைப் பிடுங்கினான். பிளக் கையோடு வந்தது. சுற்றியது. லேப்டாப்பைத் தூக்கினான். பேட்டரி இருக்க வேண்டிய பள்ளம் காலியாக இருந்தது, விரல் விட்டுப் பார்த்தான், தூசிதான் தட்டுப்பட்டது. கதவடியில் உப்பிய பேட்டரி அது பாட்டுக்குக் கிடந்தது. உள்ளங்கைக்குள் லேப்டாப் அதிர்ந்தது. உயிருள்ள எதையோ கழுத்தைப் பிடித்துத் தூக்கியது போல இருந்தது. பதறி மேஜையில் வைத்தான்.

டிக்.

அந்தச் சத்தம் விழும்போது ஒரு கணம் எல்லாம் இருண்டு மறுபடி தெரிந்தது. முதலில் மின்னல் என்று நினைத்தான். மின்னல் வெளிச்சம் காட்டும், இப்படி இருட்டைக் காட்டாது.

டிக்.

மறுபடி. கண் சிமிட்டினால் இருக்கும் அந்தத் துளி இருட்டு. ஆனால் அவன் சிமிட்டவில்லை. கண்ணைக் கொட்டாமல் விழித்துக்கொண்டிருந்தான். அவனுக்காக வேறு ஏதோ சிமிட்டிக்கொண்டிருந்தது.

நாற்காலியில் விழுந்தான். பார்க்கக் கூடாது, எதையும் பார்க்கக் கூடாது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

இருட்டவில்லை.

அறை தெரிந்தது. மங்கலாக, ஆனால் தெளிவாகத் தெரிந்தது. மேஜை விளிம்பு. பொட்டலம். அதற்கு அப்பால் நாற்காலியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். தொப்பை தெரிகிற பனியன், கலைந்த தலை, இறுக மூடிய கண்.

கறுத்த திரையில் தெரியும் தன் பிம்பம் என்றுதான் முதலில் நினைத்தான். அப்படித்தானே இருக்க வேண்டும். ஆனால் அவன் படம் பிடிப்பவன், பிம்பத்துக்கும் படத்துக்கும் வித்தியாசம் தெரிந்தவன். பிம்பத்தில் எழுத்து இடம் வலமாகப் புரளும். நாற்காலிக்குப் பின்னால் தொங்கிய காலண்டரில் 'ஐப்பசி' என்று நேராகப் படிக்க முடிந்தது.

பிம்பத்தைப் பார்க்கவில்லை. ஆளையே பார்த்துக்கொண்டிருந்தான். மேஜை மேலிருந்து. லேப்டாப் திரை இருந்த இடத்திலிருந்து.

கண்ணைத் திற என்றான். எதிரே இருந்தவன் திறக்கவில்லை. கையைத் தூக்கு என்றான். கை தொடைமேல் கிடந்தபடி கிடந்தது. எழுந்திரு. எழுந்திருடா. மூச்சு விடுகிறானா? தெரியவில்லை. கத்தினான். சத்தம் எங்கிருந்தும் வரவில்லை.

டிக்.

சுவர். கண்ணை உரசும் தூரத்தில் சுண்ணாம்புச் சுவர். பல்லி எச்சம். யாருடைய வீடோ. யாரோ சோறு தின்னும் தட்டுச் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

டிக்.

வேறு சுவர். பச்சை டிஸ்டெம்பர். ஒட்டடை.

டிக்.

சுவர்.

டிக்.

சுவர். சுவர். சுவர்.

எல்லா வீட்டிலும் அவன் கண் ஒட்டிய படத்தைத் திருப்பித்தான் மாட்டியிருந்தார்கள். ஒரு வீடு பாக்கியில்லாமல்.

டிக். மறுபடி ஸ்டூடியோ. படியில் ஈரச்செருப்புச் சத்தம்.

சுகுணா கதவைத் தள்ளினாள். அடியில் முட்டுக் கொடுத்திருந்த பேட்டரி அவள் காலில் இடறியது. குனிந்து அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, செல்போன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

"அண்ணே? இருட்டுல ஒக்காந்து என்ன பண்றீக?"

நாற்காலியில் இருந்தவன் அசையவில்லை. வெளிச்சம் அவன் முகத்தில் பட்டுத் தாழ்ந்தது. "ஒறங்கிட்டாரு போல" என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டு மேஜைப் பக்கம் வந்தாள். திரை அவள் முகத்தில் வெளிச்சம் வீசியது.

"கரண்ட்டு இல்லாமயே எரியுதே. பேட்டரில ஓடுதாக்கும்."

இல்லை, பேட்டரி உன் காலடியில் கிடந்தது, இப்போதுதான் நீ எடுத்து வைத்தாய் என்று ரெங்கராஜ் கதறினான். சுகுணா குனிந்தாள். அவள் முகம் பெரிதாகி அவனுக்கு முன்னால் வந்து நின்றது. மூக்குத்தி தெரிந்தது, கன்னத்தில் காய்ந்த கண்ணீர்த் தடம் தெரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ரெங்கராஜ் ஒரு மனுஷி முகத்தைக் கெஞ்சலோடு பார்த்தான்.

"அய்யோ ஆத்தா" என்றாள் அவள், மெதுவாக. "ஏன் இப்பிடி பயந்துபோயிக் கெடக்க? எளக்காரத்த எடுக்கச் சொன்னா இந்தாளு பயத்தக் கொண்டாந்து வெச்சிருக்காரே. நீ யாருக்குப் பயந்தவ?"

அவள் கையைத் தூக்கினாள். இழவு வீட்டில் தாயின் தலைமாட்டில் உட்கார்ந்து எப்படிச் செய்திருப்பாளோ, அதேபோல உள்ளங்கையைத் திரையின்மேல் வைத்து, நெற்றியிலிருந்து கீழே மெல்லத் தடவினாள்.

இமைகள் இறங்கின. அவன் இறக்கவில்லை.

இருட்டு. இப்போது முழு இருட்டு. மழைச் சத்தமும் அவள் மூச்சும் மட்டும் கேட்டன.

"இதுதான்" என்றது சுகுணாவின் குரல். உடைந்து, சிரித்து, மறுபடி உடைந்தது. "இதுதான் எங்க ஆத்தா. அண்ணே, இந்தப் படமே போதும்ணே." பிறகு, "எதுக்கும் ஒண்ணு எடுத்து வெச்சிக்கிறேன்" என்றாள். செல்போன் கேமராவின் சின்னச் சத்தம் கேட்டது. படத்தைப் படம் எடுக்கிறவர்களைக் கண்டால் ரெங்கராஜுக்கு ஆகாது. அறிவுகெட்டவர்கள் என்பான்.

"ஒறங்குங்கண்ணே. நாளைக்கி வந்து வாங்கிக்கிறேன். இத மூடி வெச்சிட்டுப் போறேன், சாரல் அடிக்கிது."

மூடாதே. மூடாதே தாயி.

லேப்டாப் மடங்கும் சத்தம். மழை தூரமானது. செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கி, தெருத் தண்ணீரில் கலந்து, இல்லாமல் போனது.

மூடிய லேப்டாப்புக்குள் ஹார்ட் டிஸ்க் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த ரீங்காரம் மட்டும்தான் இப்போது ரெங்கராஜ். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். நிற்காமல் இருந்தால் போதும். விடியும், கரண்ட் வரும், யாராவது திறப்பார்கள், யாராவது சேவ் செய்வார்கள்.

தன்னை யாரும் சேவ் செய்யவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ரீங்காரம் ஒரு சுருதி இறங்கியது. பிறகு இன்னொன்று. முள் ஓரத்தைத் தேடி நகர ஆரம்பித்தது.